நாற்பது விநாடி பிந்தி

அப்பா போய்விட்டார் என்று ஆஸ்பத்திரியிலிருந்து கணவர் போனில் சொன்னபோது, நான் முதலில் செய்த காரியம் கமெரா பற்றரிகளைச் சார்ஜில் போட்டது. இதை எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் நடந்தது அதுதான். நான்கு பற்றரி, இரண்டு சார்ஜர். இரண்டைப் போட்டுவிட்டு மற்ற இரண்டையும் மேசையில் அடுக்கிவைத்தேன். பிறகு கதிரையில் இருந்து, அழுகை வருகிறதா என்று பார்த்தேன். வரவில்லை. சரி, பந்தல்காரருக்குச் சொல்லவேண்டும் என்று எழும்பிவிட்டேன்.

எங்கள் தொழில் அப்படி. உரும்பிராயில் எங்கள் வீட்டு முன்னறையில் இருந்துதான் நானும் கணவரும் நேரலை செய்கிறோம். அவர் கமெரா, நான் கொம்பியூட்டர். கலியாணம், கோயில் திருவிழா எல்லாம் உண்டு. ஆனால் அதிகம் செத்தவீடுதான். இந்தப் பக்கத்தில் ஒருவர் கண்ணை மூடினால் பிள்ளைகளில் பாதிப்பேர் கடலுக்கு அப்பால் இருப்பார்கள். விமானம் ஏற முடிந்தவர்கள் ஏறுவார்கள். முடியாதவர்கள் எங்களுக்குப் போன் எடுப்பார்கள்.

எல்லோரும் பாவிக்கிற பெரிய தளங்களில் போட்டால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. போட்டுப் பார்த்தோம். பிணத்தின் முகத்தைக் கண்டதும் படத்தை மறைத்துவிடுகிறார்கள். தேவாரம் பாடினால் அது தங்கள் பாட்டு என்று யாரோ ஒரு கம்பனி உரிமை கோரிச் சத்தத்தை நிறுத்துகிறது. செத்தவரையும் காட்டாமல் தேவாரமும் கேட்காமல் அது என்ன செத்தவீடு? அதனால் நான் திறந்த மூல மென்பொருள் ஒன்றைப் படித்தேன். எங்கோ ஒரு நாட்டில், முகம் தெரியாத சிலர் எழுதி, உள்ளே இருப்பதை யாரும் பார்க்கலாம், திருத்தலாம் என்று விட்டுவைத்திருக்கிறார்கள். பொத்தான் இல்லை, படம் இல்லை. கறுப்புத் திரையில் கட்டளையாக எழுதவேண்டும். பிடித்துப்போனது. அது என்னைப்போல, கேட்டதற்கு மட்டும்தான் பதில் சொல்லும்.

அது செய்கிற வேலையைச் சொல்கிறேன், பிறகு விளங்குவதற்குத் தேவைப்படும். கமெராவிலிருந்து வருகிற படத்தை ஒரே நீளமாக அனுப்பினால் வழியில் அறுந்துவிடும். ஆகவே அதைச் சின்னத் துண்டுகளாக வெட்டி, ஒவ்வொன்றையும் ஒரு பொதியாகக் கட்டி, எந்தப் பொதிக்குப் பிறகு எந்தப் பொதி என்று ஒரு பட்டியலும் எழுதி வைத்துவிடும். தூரத்தில் பார்க்கிறவருடைய போன் அந்தப் பட்டியலைப் பார்த்துப் பொதிகளை ஒவ்வொன்றாக இழுத்து எடுத்து அவிழ்த்துக் காட்டும். துண்டு சின்னதாக இருந்தால் படம் கெதியாகப் போய்ச் சேரும், ஆனால் இணையம் இழுபறிப்பட்டால் நின்று நின்று சுற்றும். துண்டு பெரிதாக இருந்தால் சுற்றாது, ஆனால் பிந்தும்.

நான் பெரிய துண்டாகவே வைத்திருந்தேன். பத்து விநாடிக்கு ஒரு துண்டு. பார்க்கிறவரின் போன் மூன்று துண்டைக் கையில் வைத்துக்கொண்டுதான் காட்டத் தொடங்கும். எல்லாம் சேர்த்து நாற்பது விநாடி பிந்தும். தாமதத்தைக் குறைக்க அந்த மென்பொருளிலேயே வழி இருந்தது. கட்டளையில் இரண்டு சொல் கூட எழுதவேண்டும், அவ்வளவுதான். எனக்குத் தெரியும். ஆனால் படம் சுற்றினால் திட்டு விழும். பிந்தினால் யாருக்குமே தெரியாது. கணவர் ஒருமுறை இதைப்பற்றிக் கேட்டபோது, "செத்தவீட்டிலை ஆருக்கு அவசரம்?" என்று சொன்னேன். இருவரும் சிரித்தோம்.

என் அண்ணை ஐரோப்பாவில் இருக்கிறார். போய் இருபது வருடத்துக்கு மேல். அவருடைய அகதிக் கேஸ் இன்னும் முடியவில்லை. வெளியே போனால் திரும்ப உள்ளே விடமாட்டார்கள். அம்மா செத்தபோது நாங்கள் இந்தத் தொழிலைத் தொடங்கவில்லை. அம்மாவின் செத்தவீட்டை அவர் படங்களாகத்தான் பார்த்தார், அதுவும் கிழமைகள் கழித்து. அப்பாவுக்கு அவர் ஒரே மகன். கொள்ளி வைக்கவேண்டியவர் அவர்.

"தங்கச்சி, நான் வரேலாது எண்டு உனக்குத் தெரியும்," என்றார் போனில். குரலில் ஒரு நடுக்கமும் இல்லை. அவரும் என்னைப்போலத்தான் இருந்திருப்பார். "தம்பி வைக்கட்டும். ஆனா நான் சொன்ன பிறகுதான் வைக்கவேணும். லைவிலை என்ரை கண்ணாலை பாத்து, வை எண்டு என்ரை வாயாலை சொல்லுவன். அப்ப நான் வைச்ச மாதிரித்தானே?"

"ஓம் அண்ணை," என்றேன். "அப்பிடியே செய்வம்."

தம்பி என்பது எங்கள் சித்தப்பாவின் மகன். சண்டிலிப்பாயில் மரக்கறித் தோட்டம் செய்கிறான், நாற்பது தாண்டிவிட்டான், அதிகம் கதைக்கமாட்டான். அண்ணையின் ஆசையைச் சொன்னபோது அவன் தலையை ஆட்டினான். "அண்ணை சொல்லாமல் நான் வைக்கமாட்டன் அக்கா," என்றான்.

ஏற்பாடு இதுதான். சுடலைக்குப் பெண்கள் போவதில்லை. வாசல் படலையோடு நின்றுவிடுவோம். நான் வழமைபோல முன்னறையில் கொம்பியூட்டரோடு இருப்பேன். அண்ணை இணையத்தில் என்னோடு போனில் இருப்பார். நான் சாதாரண போன் கோலில் தம்பியின் போனோடு இருப்பேன். கொள்ளி வைக்கிறவன் மேலில் சட்டை இல்லாமல் நிற்பதால், அவனுடைய போனை உறவுக்காரர் ஒருவர் பிடித்துக்கொண்டு நிற்பார். அண்ணை எனக்குச் சொல்ல, நான் அங்கே சொல்ல, அவர் தம்பிக்குச் சொல்வார். கணவர் கமெரா பிடிப்பார்; வேறு கம்பனி லைன் உள்ள அவருடைய போன் கமெராவுக்கு இணையம் கொடுத்துக்கொண்டிருக்கும். மருமகன் தோள் கொடுக்காமல் கமெரா தூக்கிக்கொண்டு திரிகிறார் என்று அதற்கும் ஊரில் ஒரு கதை வந்தது. வந்தால் வரட்டும்.

வீட்டுக் கிரியை நடந்தபோதே எனக்கு விளங்கியிருக்கவேண்டும். பந்தலில் ஐயர் வாய்க்கரிசி போடச் சொன்னார். அண்ணை அங்கே குளித்து, வேட்டி கட்டி, ஒரு கிண்ணத்தில் அரிசியோடு திரைக்கு முன்னால் இருந்தார். "இப்ப போடுங்கோ அண்ணை," என்றேன். "இஞ்சை இன்னும் தண்ணிதானே தெளிக்கினம்," என்றார். "அது கொஞ்சம் பிந்தி வரும், நீங்கள் போடுங்கோ," என்றேன். அவர் போட்டார். நான் அடுத்த கமெராவுக்கு மாற்றப் போய்விட்டேன். ஒவ்வொரு செத்தவீட்டிலும் செய்கிற அதே வேலை, அதே கட்டளை. முதல்நாள் பின்னேரம் பழைய கட்டளையை எடுத்து, ஆளின் பெயர் இருந்த இடத்தில் அப்பாவின் பெயரை மாற்றி எழுதியிருந்தேன். வேறு ஒன்றையும் நான் தொடவில்லை.

பெட்டியைத் தூக்கியபோது பெண்கள் எல்லோரும் படலைவரை ஓடினார்கள். நான் ஓடவில்லை. "பெத்த மகள், ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை," என்று யன்னலுக்கு வெளியே ஒரு பெண் இன்னொருவருக்குச் சொன்னது நன்றாகவே கேட்டது. அவர் சொன்னது சரிதான். எனக்குக் கோபம்கூட வரவில்லை. உடம்பு முழுக்க ஊசி போட்டு விறைக்கப்பண்ணியதுபோல இருந்தது. பல்லுப் பிடுங்கப் போனால் கன்னம் இருக்குமே, அந்த மாதிரி.

ஊர்வலம் போனதும் வீடு கழுவத் தொடங்கிவிட்டார்கள். வாளி வாளியாக ஊற்றினார்கள். என் கதிரையைச் சுற்றித் தண்ணீர் ஓடியது. கால்களைத் தூக்கிக் கதிரையில் வைத்துக்கொண்டு, வயர்களையும் அள்ளி மடியில் போட்டுக்கொண்டேன். எனக்கு முன்னால் இரண்டு திரை. இடப்பக்கம் கணவரின் கமெராவிலிருந்து நேராக வருவது. வலப்பக்கம் பொதி கட்டி அனுப்பியது, அதாவது அண்ணை பார்ப்பது. சுடலையில் ஆண்கள் காணி விலையும் கட்சியும் கதைப்பார்கள் என்பதால், அங்கே நடக்கிறதன் சத்தத்தை நான் எப்போதும் நேரலையில் நிறுத்திவிட்டுத் தேவாரம் போடுவேன். அன்றைக்கும் போட்டேன்.

இடப்பக்கத் திரையில் தம்பி குடத்தோடு மூன்று சுற்றும் சுற்றி முடித்தான். குடத்தைப் போட்டு உடைத்தான். கொள்ளியை வாங்கிக்கொண்டு விறகுக்கு முதுகைக் காட்டி நின்றான். எங்களில் கொள்ளி வைக்கிறவர் பார்த்து வைப்பதில்லை. பின்கையால் வைத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் நடந்துவிடவேண்டும். தம்பி அப்படியே நின்றபடி, போன் வைத்திருந்தவரைப் பார்த்தான். அவர் போனைக் காதில் வைத்திருந்தார். தம்பியின் போனோடு என் கோல் இருந்தது. மேளச் சத்தம் எனக்குக் கேட்டது.

"அண்ணை, சொல்லுங்கோ," என்றேன்.

"பொறு பிள்ளை. இப்பதான் ரெண்டாஞ் சுத்து."

நான் வலப்பக்கம் பார்த்தேன். தம்பி அங்கே தோளில் குடத்தோடு நடந்துகொண்டிருந்தான். இடப்பக்கம் பார்த்தேன். கையில் நெருப்போடு நின்றுகொண்டிருந்தான்.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. விளங்கியதே தவிர வாய் எழும்பவில்லை. நீங்கள் பார்ப்பது முடிந்துபோனது, இப்போதே சொல்லுங்கள் என்று ஒரு வசனம் சொல்லியிருக்கலாம். அவர் நம்பியிருப்பார். ஆனால் என் கண்ணால் பார்த்துத்தான் சொல்லுவேன் என்றவரிடம், உங்கள் கண் பிந்திவிட்டது என்று எப்படிச் சொல்வது என்று யோசித்தேன். யோசித்துக்கொண்டிருக்கும்போதே மேளச் சத்தம் நின்றது. தம்பியின் பக்கக் கோல் அறுந்துவிட்டது. திரும்ப எடுத்தேன். போகவில்லை. இன்னொருதரம் எடுத்தேன். இடப்பக்கத் திரையில் அந்த உறவுக்காரர் போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்து, தலையை இடம் வலம் ஆட்டினார். மழை இருட்டிக்கொண்டு வந்தது. யாரோ ஒருவர் கையை வீசி ஏதோ சொன்னார். தம்பி அசையவில்லை. இன்னொருவர் வந்து அவன் தோளில் கை வைத்தார். அவன் குனிந்து, பின்கையால் வைத்துவிட்டு, நடந்துபோனான். விறகிலிருந்து புகை எழும்பியது.

"மூண்டாஞ் சுத்து," என்று இதற்கிடையில் அண்ணை காதுக்குள் சொல்லிக்கொண்டிருந்தார். "குடம் உடைச்சாச்சு. கொள்ளி குடுக்கினம். தம்பி நிக்கிறான்." அவர் மூச்சு வாங்குவது கேட்டது. "தம்பி என்னைப் பாத்துக்கொண்டு நிக்கிறான். சொல்லட்டே?"

"சொல்லுங்கோ."

"வை," என்றார் அண்ணை. "வைக்கச் சொல்லு தங்கச்சி."

என் மடியில் வயர்களுக்கு நடுவில் மற்றப் போன் செத்துக் கிடந்தது. "சொல்லிப்போட்டன் அண்ணை," என்றேன்.

சில விநாடி ஒன்றுமில்லை. பிறகு வலப்பக்கத் திரையில் தம்பி குனிந்தான். அண்ணை அழத் தொடங்கினார். இருபது வருடமாக அவர் அழுது நான் கேட்டதில்லை. "வைச்சிட்டன்," என்றார். "அப்பாவுக்கு நான் வைச்சிட்டன்." நான் ஓம் ஓம் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். இடப்பக்கத் திரையில் நெருப்பு அதற்குள் ஆள் உயரத்துக்கு வந்திருந்தது.

எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவு முடிந்து அடுத்த நாள் அண்ணை போன் எடுத்து, அந்த நேரத்து வீடியோ வேண்டும் என்றார், சத்தத்தோடு. அப்பாவின் நெருப்புச் சத்தம் கேட்கவேண்டுமாம். கமெராவின் மெமரி கார்டில் சத்தம் இருந்தது. கதவைச் சாத்திவிட்டு ஒருமுறை கேட்டேன். முதலில் காணி விலைதான். பிறகு யாரோ, "லைன் இல்லை, மழை வரப்போகுது, வை தம்பி," என்றார். தம்பியின் குரல், "அண்ணை இன்னும் சொல்லேல்லை," என்றது. "எத்தினை நேரம் பாக்கிறது, வை." மறுபடியும் தம்பி, இன்னும் மெதுவாக, "அண்ணை சொல்லேல்லை." அதற்குப் பிறகு விறகு வெடிக்கிற சத்தம் மட்டும்.

ஒரு வீடியோக் கோப்பில் படமும் சத்தமும் தனித்தனியாகத்தான் இருக்கும். ஒரே பெட்டிக்குள் இரண்டு பொதி. படத்தில் கை வைக்காமல் சத்தத்தை மட்டும் வெளியே எடுத்துவிடலாம், ஒரு வரிக் கட்டளை. எடுத்துவிட்டு அனுப்பினேன். மைக் வேலை செய்யவில்லை என்று அண்ணைக்குச் சொன்னேன். அவர் குறை சொல்லவில்லை. படம் நல்ல தெளிவு என்றார்.

கட்டளையில் இரண்டு சொல் எழுதியிருந்தால் அண்ணையின் வாய்ச் சொல் நேரத்துக்குப் போயிருக்கும். லைன் அறுவதற்கு முதல் தம்பி எவ்வளவு நேரம் நின்றான் என்று எண்ணிப் பார்த்தேன். இருபத்தெட்டு விநாடி. போதுமான நேரம். இது என் பிழை. வேறு யாருடையதும் இல்லை. இதைத் தெரிந்துகொண்டும் நான் நன்றாகச் சாப்பிட்டேன், நித்திரை கொண்டேன், அடுத்த கிழமை அரியாலையில் ஒரு செத்தவீட்டுக்கு லைவ் செய்தேன். அதில் அந்த இரண்டு சொல்லையும் எழுதினேன். படம் சுற்றிச் சுற்றி நின்றது. நல்ல திட்டு வாங்கினோம்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை. கீரிமலைக்குப் போய்வந்து, மத்தியானம் எங்கள் வீட்டில் சாப்பாடு. தம்பி கையைக் கழுவிவிட்டு வரும்போது அண்ணை வீடியோக் கோலில் வந்தார். தம்பியிடம் போனைக் கொடுக்கச் சொன்னார். நான் சாம்பார் வாளியோடு பக்கத்தில் நின்றேன்.

"தம்பி, உனக்கு நான் இன்னும் ஒரு நன்றி சொல்லேல்லை," என்றார் அண்ணை. "நான் வை எண்டு சொன்ன உடனை வைச்சாய். நான் பாத்தனான். அந்த ஒண்டுதான் எனக்கு ஆறுதல்."

தம்பி போனைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். அவனுக்கு நான் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. நான் வாளியைக் கீழே வைத்தேன்.

"ஓம் அண்ணை," என்றான் தம்பி. "நீங்கள் சொல்லித்தான் வைச்சனான்."

எல்லோரும் சாப்பிட்டுப் போன பிறகு அவன் போகாமல் நின்றான். முன்னறை வாசலில் வந்து, உள்ளே வராமல் கேட்டான்.

"அக்கா, அண்டைக்குப் போனிலை ஒருத்தரும் இருக்கேல்லை."

"தெரியும்."

"அண்ணை சொல்லாமல் நான் வைச்சிட்டன் எண்டு ஒவ்வொரு நாளும் யோசிக்கிறனான். அண்ணையின்ரை முகத்திலை முழிக்கேலாது எண்டு இருந்தன். அவர் சொல்லி நான் வைச்சதை அவர் எப்பிடிப் பாத்தவர்?"

இருக்கச் சொல்லி, எல்லாவற்றையும் சொன்னேன். துண்டு, பொதி, நாற்பது விநாடி, நான் எழுதாமல் விட்ட இரண்டு சொல். அவன் தோட்டத்துக்கு மருந்து அடிக்கிற அளவைக் கேட்பதுபோலக் கவனமாகக் கேட்டான். என்னில் கோபப்படுவான் என்று எதிர்பார்த்தேன். கோபப்பட்டிருந்தால் நல்லாயிருந்திருக்கும்.

"அப்ப அண்ணைக்கு, அவர் சொன்ன பிறகுதான் நான் வைச்சது," என்றான்.

"ஓம்."

கையைத் திருப்பிப் பார்த்தான். "எனக்கும் ஒருக்கா அப்பிடிக் காட்டுங்கோ அக்கா. நான் வைச்சதையும் நான் காணேல்லை. திரும்பிப் பாக்கக் கூடாதே."

அன்றைய பொதிகள் எல்லாம் கொம்பியூட்டரில் அப்படியே இருந்தன. கட்டளையை எழுதினேன். தேவாரத்தின் சத்தத்தை முழுதாகக் குறைத்தேன். தம்பி கதிரையை இழுத்து என் பக்கத்தில் போட்டான். திரையில் அவன் மூன்றாவது சுற்றுச் சுற்றினான், குடத்தைப் போட்டு உடைத்தான், கொள்ளியை வாங்கினான், முதுகைக் காட்டி நின்றான்.

"அண்ணை எந்த இடத்திலை சொன்னவர்?"

"இனி வரும்."

"நீங்கள் சொல்லுங்கோ அக்கா. அண்ணை சொன்ன மாதிரி."

திரையில் ஒருவர் கையை வீசினார். இன்னொருவர் வந்து தம்பியின் தோளில் கை வைத்தார். அண்ணை சொன்ன இடம் எனக்கு விநாடி தவறாமல் தெரியும். அது வந்தது.

"வை," என்றேன்.

தம்பி குனிந்து வைத்தான். அப்பா எரியத் தொடங்கினார். நான் சொன்ன பிறகுதான் எரியத் தொடங்கினார். பக்கத்தில் தம்பி இருக்கிறான் என்றும் பாராமல், படலைவரை கேட்கிற மாதிரி நான் அழுதேன்.